கல்லறை மேல் சில்லறை

விழா மலருக்கு இடுகாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழுவில் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா..." என்று ஒருவர் இழுத்தார். நம் வட்டாரத்துப் பழைய நிறுவனம் ஒன்றின் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டது அவர்கள்தான். பிலடெல்ஃபியாவில் 1719இல் தொடங்கி இன்றைக்கும் நிர்வாகம், நுழைவுச்சீட்டு, நன்கொடைப் பட்டியல், மராமத்துச் செலவு என்று நடந்துவருகிற கிரைஸ்ட் சர்ச் இடுகாட்டைவிடப் பொருத்தமான நிறுவனம் எனக்குத் தென்படவில்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அங்கேதான் படுத்திருக்கிறார் என்று சொன்ன பிறகு ஆட்சேபம் அடங்கியது. நூறு டாலர் நோட்டில் இருக்கிற முகம் அல்லவா!

என்னை அங்கே கூட்டிப்போனது அப்பா. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். அந்த இடுகாட்டு வேலியை ஒட்டி எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. சென்ற ஆண்டு அக்டோபரில் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாதான், "இடிதாங்கி கண்டுபிடிச்சவர் சமாதி இங்கதான் இருக்காமே, பார்த்துடலாம்" என்றார். அப்பாவுக்கு ஃபிராங்க்ளின் முதலில் இடிதாங்கிக்காரர், பிறகுதான் அரசியல்வாதி. ஊர் வாசகசாலையில் இருபத்தேழு வருடம் பொருளாளராக இருந்தவர் அப்பா. சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அதில் ரசீதுப் புத்தகமும் நீலம் போன கார்பன் தாளும் இருக்கும். மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போய்ச் சந்தா வசூலிப்பார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் கூட வராமல் இருந்திருந்தால் நான் அந்தக் கல்லைப் பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, காப்பி குடிக்கப் போயிருப்பேன்.

பாட்கோ ரயிலில் ஃபிராங்க்ளின் பாலத்தைத் தாண்டி, எட்டாவது தெருவில் இறங்கி நடந்தோம். ஐந்தாவது தெருவும் ஆர்ச் தெருவும் கூடுகிற முனையில், செங்கல் மதிலின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். கம்பி வழியே பார்த்தால் மூன்றடி தள்ளி அந்தக் கல். உள்ளே போகச் சீட்டு வாங்க வேண்டும். தெருவில் நின்று பார்க்கக் காசு கிடையாது. கல் உயரமாக ஒன்றும் நிற்கவில்லை. சிலை இல்லை, தூண் இல்லை, தேவதை இல்லை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வெள்ளைச் சலவைக்கல். அதன்மேல் பெஞ்சமின், டெபோரா என்று இரண்டு பெயர், ஃபிராங்க்ளின் என்ற குடும்பப் பெயர், 1790 என்ற ஆண்டு. அவ்வளவுதான். எழுத்துகள் மேல் அங்கங்கே செப்புக் காசுகள் கிடந்தன.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ஒவ்வொருவரும் கம்பிக்குள் கையை விட்டு ஒரு பென்னியைச் சுண்டினார்கள். கல்லில் பட்டு 'டிங்' என்று துள்ளி விழும் சத்தம். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்தக் காசையெல்லாம் யாரு வாரி எடுக்கறாங்க? கணக்கு எங்க எழுதறாங்க?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்தது.

கிரைஸ்ட் சர்ச் என்ற திருச்சபை 1695இல் ஏற்பட்டது. கோயில் இருப்பது கிழக்கே இரண்டாவது தெருவில். கோயிலைச் சுற்றியிருந்த நிலம் நிரம்பியதும், 1719இல் அன்றைக்கு ஊருக்கு வெளியே இருந்த இந்த இரண்டு ஏக்கரை வாங்கினார்கள். இன்று அது நகரின் நட்ட நடுவில் இருக்கிறது. சுமார் 4,000 பேர் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள்; நிற்கிற கற்கள் 1,400 அளவில்தான். மிச்சப் பேருக்குக் கல் வைக்க வசதி இல்லையோ, வைத்த கல்தான் கரைந்துபோயிற்றோ. சலவைக்கல்லுக்கு மழையும் பனியும் ஆகாது. எழுத்து மழுங்கிப்போய், கையால் தடவினால் சர்க்கரை மாதிரி உதிரும். இது முன்பே ஒருவர் கண்ணில் பட்டது பெரிய புண்ணியம். எட்வர்ட் கிளார்க் என்ற திருச்சபை நிர்வாகி ஒவ்வொரு கல்லாகப் போய்ப் பொறிப்புகளை எழுதியெடுத்து 1864இல் புத்தகமாகப் போட்டார். இன்று வெறும் பலகையாக நிற்கும் பல கற்களுக்குக் கீழே யார் என்று தெரிவது அந்தப் புத்தகத்தால்தான். நம் ஊர்க் கோயில்களில் கல்வெட்டைப் படியெடுக்க அலைந்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. உலகம் முழுக்க அந்த ஜாதி ஒன்றுதான்.

சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் ஐந்து பேர் இந்த இரண்டு ஏக்கருக்குள் இருக்கிறார்கள். ஃபிராங்க்ளின் ஒருவர். மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இன்னொருவர். 1793இல் மஞ்சள் காய்ச்சல் வந்து சுமார் 5,000 பேரை வாரிக்கொண்டு போனபோது ஊரைவிட்டு ஓடாமல் நின்றவர். நோயாளிகளின் ரத்தத்தை வடித்தே பாதிப் பேரை அனுப்பிவிட்டார் என்று அன்றே திட்டு வாங்கியவரும் அவரே. ஜோசப் ஹியூஸ் வட கரோலினாக்காரர். காங்கிரஸ் வேலையாக வந்த இடத்தில் 1779இல் இறந்து இங்கேயே தங்கிவிட்டார். ஜார்ஜ் ராஸ் நான்காமவர். ஐந்தாவது பிரான்சிஸ் ஹாப்கின்சன். அமெரிக்கக் கொடியை வடிவமைத்தது தான்தான் என்று 1780இல் காங்கிரசுக்கு எழுதி, கூலியாகக் கொஞ்சம் அரசாங்க ஒயினைக் கேட்டவர். 'நீங்கள் சம்பளம் வாங்கும் ஆள், தவிர நீங்கள் ஒருவர் மட்டும் யோசனை சொல்லவில்லை' என்று கைவிரித்துவிட்டார்கள். இந்த 2026இல் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டு கொண்டாடுகிறோம். ஹாப்கின்சனின் ஒயின் பாக்கி இன்னும் நிற்கிறது.

ஃபிராங்க்ளின் கதைக்கு வருவோம். 1706இல் பாஸ்டனில் சோப்பும் மெழுகுவத்தியும் காய்ச்சும் ஒருவருக்குப் பிறந்த பதினேழு பிள்ளைகளில் ஒருவர். பதினேழு வயதில் அண்ணனின் அச்சகத்திலிருந்து ஓடிவந்து பிலடெல்ஃபியாவில் இறங்கினார். இருபத்திரண்டு வயதில், 1728இல், தன் கல்லறைக்குத் தானே ஒரு வாசகம் எழுதி வைத்தார். அச்சுக்காரனின் உடம்பு கிழிந்துபோன பழைய புத்தகத்தின் அட்டை மாதிரி இங்கே கிடக்கிறது, ஆனால் ஆசிரியர் திருத்தி மறுபதிப்புப் போடுவார் என்ற பொருளில் அமைந்த வேடிக்கையான வாசகம். பிற்காலத்தில் நண்பர்கள் கேட்டால் கைப்பட எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய எழுத்துகளில் மிகவும் புகழ்பெற்ற துண்டுகளில் அது ஒன்று.

அது அந்தக் கல்லில் இல்லை. 1788 ஜூலையில் உயில் எழுதியபோது, சேம்பர்ஸ் என்ற கல்தச்சரிடம் ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு சாதாரணச் சலவைக்கல் செய்யச் சொன்னார். மேல் விளிம்பில் மட்டும் சின்னதாக ஒரு செதுக்கு. தன் பெயரும் மனைவி பெயரும் ஆண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். ஆண்டை 178 என்று எழுதிக் கடைசி எண்ணுக்கு இடம் விட்டிருந்தார். எண்பதுகளைத் தாண்ட மாட்டோம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். 1790 ஏப்ரல் 17 வரை இருந்தார். கணக்கில் மூன்றரை மாதம் தப்பு.

இருபத்திரண்டு வயதில் கல்லறைக்கு வசனம் எழுதிய பையனும் எண்பத்திரண்டில் பெயர் போதும் என்ற கிழவரும் ஒருவரேதானா என்று தோன்றும். நடுவில் அறுபது வருடம் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தார். அது யாரையும் மாற்றிவிடும்.

பாடப்புத்தகம் சொல்லும் ஃபிராங்க்ளினைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சுதந்திரப் பிரகடனம், 1778இல் பிரான்சுடன் போட்ட உடன்படிக்கை, 1783இல் பிரிட்டனுடன் சமாதானம், 1787இல் அரசியல் சட்டம், நான்கிலும் கையெழுத்திட்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் சங்கம் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஃபிராங்க்ளின் வேறு ஆள். அவர் சந்தா ஃபிராங்க்ளின்.

1727இல் கைத்தொழில் செய்கிற பன்னிரண்டு பேரைச் சேர்த்து வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும் ஒரு குழு ஆரம்பித்தார். ஆளுக்குக் கொஞ்சம் புத்தகம் கொண்டுவந்து பொது அறையில் வைக்கலாம் என்றார்கள். ஒரு வருடத்தில் முறிந்தது. பொதுவில் வைத்த புத்தகத்தை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. ஆளாளுக்குத் தம் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் போனார்கள். அப்பா இதைக் கேட்டு, "நம்ம ஊர்லயும் அதேதான்" என்று ஒரே வரியில் முடித்தார். அந்தத் தோல்வியிலிருந்துதான் 1731 ஜூலையில் சந்தா நூலகம் பிறந்தது. சேரும்போது 40 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு 10 ஷில்லிங், ஐம்பது உறுப்பினர். ஐம்பது பேரைப் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளியிருக்கிறது. அப்போது ஒன்று கற்றுக்கொண்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்: ஒரு நல்ல காரியத்தை 'என் யோசனை' என்று கொண்டுபோனால் மற்றவர்களுக்குப் பிடிக்காது, 'சில நண்பர்கள் ஆரம்பிக்கிறார்கள், என்னைக் கேட்டுவரச் சொன்னார்கள்' என்று சொன்னால் கை பைக்குள் போகும். லைப்ரரி கம்பெனி என்ற பெயரில் ஏற்பட்ட அந்த நூலகத்தின் புத்தகங்கள் லோகஸ்ட் தெருவில் இன்றும் ஆய்வாளர்களின் கைகளில் புரண்டுகொண்டிருக்கின்றன.

1736 டிசம்பரில் தீயணைப்புச் சங்கம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், எரிகிற வீட்டிலிருந்து சாமான்களை அள்ளிப்போக மூட்டைப் பைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம். அந்த அபராதக் காசைச் சேர்த்தே தீயணைப்பு இயந்திரமும் ஏணியும் கொக்கியும் வாங்கினார்கள். கூட்டத்துக்கு வராதவர்களால் ஒரு சங்கம் வளர்ந்தது என்றால் அது இதுவாகத்தான் இருக்கும். நம் செயற்குழு இதைப் பரிசீலிக்கலாம்.

மருத்துவமனைக் கதை இன்னும் சுவை. யோசனை ஃபிராங்க்ளினுடையது அல்ல, டாக்டர் தாமஸ் பாண்டுடையது. அவரும் இதே இடுகாட்டில்தான் இருக்கிறார். பாண்ட் யாரிடம் போய்க் கேட்டாலும், 'ஃபிராங்க்ளினைக் கலந்துகொண்டீர்களா, அவர் என்ன சொல்கிறார்?' என்றே பதில் வந்திருக்கிறது. கடைசியில் ஃபிராங்க்ளினிடமே வந்தார். மாகாண சபையில் கிராமப்புற உறுப்பினர்கள் பணம் தர மறுத்தார்கள். நகரத்துக்காரர்களே இவ்வளவு பெரிய தொகையைத் திரட்ட மாட்டார்கள் என்றார்கள். ஃபிராங்க்ளின் ஒரு தீர்மானம் எழுதினார்: பொதுமக்கள் 2,000 பவுன் திரட்டிக் காட்டினால் மட்டும் சபை 2,000 பவுன் தர வேண்டும். திரளவே திரளாது என்று நம்பிய உறுப்பினர்கள், செலவில்லாமல் தர்மவான் பெயர் கிடைக்கிறதே என்று ஓட்டுப் போட்டார்கள். வெளியே போய் மக்களிடம், 'நீங்கள் போடும் ஒவ்வொரு காசும் இரண்டாகும்' என்றார். பணம் நிரம்பி வழிந்தது. பென்சில்வேனியா மருத்துவமனை 1751இல் ஏற்பட்டது. தன் அரசியல் வாழ்க்கையில் செய்த தந்திரங்களில் இவ்வளவு மகிழ்ச்சி தந்தது வேறில்லை என்று பின்னாளில் எழுதினார். இன்று அலுவலகங்களில் நாம் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகக் கம்பெனியும் போடுகிறதே, அதற்குக் கொள்ளுத்தாத்தா இது.

இன்னொரு சமயம் ஒரு பாதிரியார் பிரார்த்தனை மண்டபம் கட்டக் காசு திரட்டும் வழி கேட்டார். கட்டாயம் தருவார்கள் என்று தெரிந்தவர்களிடம் முதலில் போங்கள். சந்தேகமானவர்களிடம் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். நிச்சயம் தரமாட்டார்கள் என்று நினைப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள், சிலரைப் பற்றி நீங்கள் நினைத்தது தப்பாக இருக்கலாம் என்றார். அப்பா அதற்கு மட்டும் நின்று தலையாட்டினார். மூன்றாவது வகையில் ஒருவர்தான் வாசகசாலைக்கு இரும்பு அலமாரி வாங்கிக் கொடுத்தாராம்.

கிரைஸ்ட் சர்ச்சின் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1754இல் முடிந்த அந்த 196 அடிக் கோபுரம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வட அமெரிக்காவிலேயே உயரமானதாக இருந்தது. அதற்குப் பணம் வந்தது லாட்டரிச் சீட்டில். லாட்டரியை நடத்திய நிர்வாகிகளில் ஃபிராங்க்ளினும் ஒருவர். இத்தனைக்கும் அவர் கோயிலுக்கு அபூர்வமாகப் போகிறவர். இடி மின்னலைச் சோதிக்க அந்தக் கோபுரம் எழும்பட்டும் என்று காத்திருந்து, பொறுமையில்லாமல் பட்டம் விட்டார் என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1767இல் எழுதியிருக்கிறார். கோபுரம் சீக்கிரம் முடிந்திருந்தால் பட்டம் விடும் படம் நம் அறிவியல் புத்தகத்தில் இருந்திருக்காது.

சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். ஃபிராங்க்ளின் கல்லுக்குப் பக்கத்தில் குடும்பமே இருக்கிறது. மாமனார் ஜான் ரீட், மகள் சாரா, மருமகன் ரிச்சர்ட் பேச். எல்லாவற்றிலும் சின்னதாக ஒரு குழந்தைக் கல். பிரான்சிஸ் என்ற மகன், நான்கு வயதில், 1736 நவம்பரில் பெரியம்மையில் போனான். அப்பன் அம்மை குத்துவதை ஆதரித்துப் பத்திரிகையில் எழுதியவர்; பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததால் குத்தாமல் தள்ளிப்போட்டிருந்தார். குத்தியதால்தான் செத்தான் என்று ஊரில் பேச்சுக் கிளம்ப, இல்லை, குத்தாததால் என்று தன் பத்திரிகையிலேயே மறுப்புப் போட வேண்டியிருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒன்றரை மாதத்துக்குள் அதை எழுதியிருக்கிறார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு எழுதிய தன் வரலாற்றிலும் அந்த வருத்தம் ஆறவில்லை. நம் பிள்ளைகள் யாரையாவது அங்கே கூட்டிப்போனால் பெரிய கல்லோடு நின்றுவிடாமல் இந்தச் சின்னக் கல்லையும் காட்டுங்கள்.

டெபோராவின் பெயர் அந்தக் கல்லில் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1730இல் இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். அவளுடைய முதல் கணவன் ஓடிப்போய் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால் முறைப்படி கல்யாணம் செய்ய முடியவில்லை. கடையையும் தபால் கணக்கையும் அவள் பார்த்துக்கொண்டதால்தான் அவர் ஊருக்கு உழைக்க முடிந்தது. 1765இல் முத்திரைவரிக் கலவரத்தின்போது கூட்டம் வீட்டைத் தாக்கக்கூடும் என்றதும், துப்பாக்கிகளை வரவழைத்து மாடியில் காவல் இருந்தவள். அவர் அப்போது லண்டனில். 1774 டிசம்பரில் அவள் இறந்தபோதும் அவர் லண்டனில்தான். கடைசிப் பத்து வருடம் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அவள் சவத்தின் பின்னால் நடந்தது, அவருக்கு வேறொரு தாய் வயிற்றில் பிறந்த வில்லியம். அந்த வில்லியமும் பின்னர் பிரிட்டிஷ் பக்கம் நின்று, தகப்பனின் உயிலில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனார்.

மலருக்கு எழுதும்போது பூசி மெழுகும் வழக்கம் உண்டு. இதை மட்டும் விட முடியவில்லை. இந்தப் பெரிய மனிதர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன, அதில் காசு வந்தது. முதுமையில் மாறினார். 1787இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1790 பிப்ரவரியில், அடிமை வணிகத்துக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். உயிலில் மருமகன் ரிச்சர்டுக்குச் சொத்து எழுதிய கையோடு, அவரிடம் இருந்த பாப் என்ற கறுப்பு அடிமையை விடுவிக்க வேண்டும் என்றும் எழுதினார். அந்த மருமகன் இதோ பக்கத்தில் படுத்திருக்கிறார். பாபின் கல் எங்கே என்று அப்பா கேட்டார். நாங்கள் பார்த்தவரை இல்லை.

1790 ஏப்ரல் 21ஆம் தேதி சவ ஊர்வலம். அந்த ஆண்டுக் குடிமதிப்பில் நகரத்து ஜனத்தொகை 28,000 சொச்சம். ஊர்வலத்தில் திரண்டவர்கள் சுமார் 20,000 பேர். துறைமுகத்துக் கப்பல்களில் கொடி அரைக்கம்பத்தில். சவத்துக்கு முன்னால் ஊரிலுள்ள எல்லாச் சபைப் பாதிரிமார்களும், யூத ஆலயத்தாரும் சேர்ந்து நடந்தார்கள். யாருடைய கோயில் கட்டடத்துக்கும் அவர் சந்தா போட்டவர். யூத ஆலயத்துக்கு 1788இல் ஐந்து பவுன். பாரீசில் தேசிய சபை மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. இங்கே செனட் அப்படி எதுவும் செய்ய மறுத்துவிட்டது. அமெரிக்கத் தத்துவ சங்கத்தின் சார்பில் இரங்கல் உரை ஆற்றியது, முப்பது வருடமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்த வில்லியம் ஸ்மித். சங்க அரசியல் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அதன்பிறகு கல் மதிலுக்குப் பின்னால் மறைந்தது. பார்க்க வருகிறவர்கள் பெருகவே, 1858இல் மதிலை உடைத்துக் கம்பி போட்டார்கள். அந்தக் கம்பி போட்ட பிறகுதான் தெருவில் போகிறவர் கையும் உள்ளே நீள முடிந்தது. 'சேமித்த காசு சம்பாதித்த காசு' என்று ஃபிராங்க்ளின் சொன்னதாக ஊரெல்லாம் ஒரு பழமொழி உலாவுகிறது. அந்த வடிவில் அவர் எழுதவில்லை. 1737ஆம் ஆண்டுக்கான தன் ஏழை ரிச்சர்ட் பஞ்சாங்கத்தில், மிச்சம் பிடித்த ஒரு காசு இரண்டு காசு லாபம் என்ற மாதிரிதான் எழுதினார். அந்தப் பழமொழியின் பேரில்தான் இந்தப் பென்னி வீச்சு. சேமிக்கச் சொன்னவர் தலையில் காசை எறிவதில் உள்ள முரண் யாருக்கும் உறைப்பதில்லை.

உள்ளே ஒரு தன்னார்வ வழிகாட்டி அம்மாள், கல்லைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மழிக்காத முகம் போல மேற்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாகக் குழிகள். ஒவ்வொன்றும் ஒரு காசு விழுந்த இடம். சலவைக்கல்லுக்குக் காசு ஆகாது. போதாததற்கு நிலம் இறங்கியும் உறைபனியில் விரிந்தும் கல்லில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. 2016இல் சீர்செய்யக் கணக்குப் போட்டதில் 80,000 டாலர் அளவுக்குச் செலவு வந்தது. பெரும்பகுதிக்கு மானியம் கிடைத்தது. கடைசி 10,000 டாலரை இணையத்தில் பொதுமக்களிடம் கேட்டார்கள். பாடகர் ஜான் பான் ஜோவியும் மனைவியும் 5,000 டாலர் போட்டார்கள். ஈகிள்ஸ் கால்பந்து அணி கொடுத்தது. பெயர் தெரியாதவர்கள் பத்தும் இருபதுமாகப் போட்டார்கள். கொடுப்பார் என்று தெரிந்தவரிடம் முதலில், பிறகு மற்றவரிடம். படுத்திருந்தவர் சொல்லிக் கொடுத்த வரிசைதான்.

அப்பாவின் கேள்விக்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. காசைக் கூட்டியெடுத்து இடுகாட்டுப் பராமரிப்புக்குச் சேர்க்கிறார்கள். காசு கல்லைக் கெடுக்கிறது. கெட்ட கல்லைச் சரிசெய்ய அந்தக் காசும் கொஞ்சம் உதவுகிறது. 25 வருடம் பூட்டிக் கிடந்து 2003இல் மறுபடி திறந்த இடுகாடு இது. வருகிற வரும்படி எதையும் வேண்டாம் என்று சொல்கிற நிலையில் அவர்கள் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. "எறியாதீங்கன்னு ஒரு போர்டு வெச்சா என்னவாம்?" என்றார் அப்பா. அந்த அம்மாள் என் மொழிபெயர்ப்பைக் கேட்டுச் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

உயிலில் ஃபிராங்க்ளின் வைத்த இன்னொரு ஏற்பாட்டையும் அங்கே ஒரு மர நிழலில் வைத்துத்தான் அப்பாவுக்குச் சொன்னேன். பாஸ்டனுக்கு 1,000 பவுன், பிலடெல்ஃபியாவுக்கு 1,000 பவுன். தொழில் பழகி முடித்து, கல்யாணமான, 25 வயதுக்கு உட்பட்ட கைத்தொழிலாளிகளுக்கு அதை ஐந்து சத வட்டியில் கடன் தர வேண்டும். இரண்டு பேர் ஜாமீன். பத்து வருடத் தவணை. நூறு வருடத்தில் குட்டி போட்டதில் ஒரு பகுதியை ஊர்க் காரியத்துக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு நூறு வருடம் ஓட்ட வேண்டும். இருநூறு வருடமும் ஓடியது. 1990இல் கணக்கை முடித்தபோது பிலடெல்ஃபியாவிடம் சுமார் 20 லட்சம் டாலர், பாஸ்டனிடம் சுமார் 45 லட்சம். "ரெண்டு ஊருக்கும் ஒரே முதல், ஒரே வட்டி. நம்ம ஊருக்காரன் எங்க கோட்டை விட்டான்?" என்றார் அப்பா. வந்து மூன்று வாரத்தில் பிலடெல்ஃபியா அவருக்கு நம்ம ஊர் ஆகிவிட்டிருந்தது. வாராக்கடன் என்றேன். அதற்குமேல் அவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

வெளியே வரும்போது அவர் கையில் நான் காலையில் கொடுத்த பென்னி இருந்தது. போடவில்லை. சீட்டுக் கொடுக்கும் இடத்துக்குத் திரும்பிப் போய் ஐந்து டாலர் நோட்டை நீட்டினார். அந்தப் பெண், இரண்டு சீட்டுதானே, ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களே என்றாள். நன்கொடை என்றேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அப்பா நகரவில்லை.

"ரசீது கேளு" என்றார்.

சின்னத் தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் பார்த்தார், தொகையைப் பார்த்தார். "நம்பர் போட்டிருக்கா, பரவால்ல" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்த முனையிலிருந்து ஆர்ச் தெருவைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் இருப்பது அமெரிக்க நாணயச்சாலை. 1969 முதல் அந்தக் கட்டடத்தில் பென்னி அடித்தார்கள். அங்கே பிறந்த காசு தெருவைக் கடந்து வந்து இங்கே விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் முதல் செப்புக் காசான 1787ஆம் ஆண்டு நாணயமே ஃபிராங்க்ளின் வடிவமைத்ததாகத்தான் சொல்கிறார்கள். நாங்கள் போய்வந்த மறுமாதம், 2025 நவம்பர் 12ஆம் தேதி, புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அதே கட்டடத்தில் அடித்து நிறுத்திவிட்டார்கள். ஒரு காசு அடிக்க ஒரு காசுக்கு மேல் பிடிக்கிறதாம்.

ஊருக்குத் திரும்பியிருந்த அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப பிள்ளைங்க இனிமே எதை வீசும்?"

"அடுத்த காசு நிக்கல்தான்ப்பா. அஞ்சு சென்ட்."

"எடை எவ்வளவு?"

பார்த்துச் சொன்னேன். பென்னி இரண்டரை கிராம், நிக்கல் ஐந்து கிராம்.

"ரெண்டு மடங்கா? அந்தம்மாகிட்ட சொல்லி அந்த போர்டை வைக்கச் சொல்லும்மா" என்றார்.